திறக்காத பெட்டிக்குள் ஒரு கண்டென்சர்

எஸ்தர், அருண், சாகுல் மூவருக்கும்,

கடை இப்போது உங்களுடையது. சனிக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்று என் மகள் எஸ்தர் உத்தரவு போட்டிருக்கிறாள். வந்தாலும் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிக்கலாம், சால்டரிங் அயர்னைத் தொடக் கூடாதாம். கைக்கு ஏதாவது வேலை வேண்டாமா? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்போடு எழுத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் போன பிறகு சிரியுங்கள்.

போன சனிக்கிழமை சாகுல் ஒரு கேள்வி கேட்டான். "எந்தச் செட்டத் திறந்தாலும் இந்தக் கண்டென்சர்தான் முதல்ல சாவுது. இதுக்கு அப்படி என்ன சீக்கு மாமா?" நான் வாயைத் திறப்பதற்குள் அருண் புதியதைப் போட்டு மூடியே விட்டான். மாற்றியது சரிதான். ஆனால் கேள்வி இன்னும் பெஞ்சின் மேல்தான் கிடக்கிறது. அதற்குப் பதில் சொல்லப் போனால் மேலப்பாளையம் மீரான் பாய் கதைக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் கண்டென்சரைப் பற்றிக் கொஞ்சம்.

கெட்டுப்போன ஒன்றை எடுத்து, சார்ஜை இறக்கிவிட்டு, பிரித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு நீள அலுமினியத் தாள். நடுவில் ஒரு திரவத்தில் நனைத்த காகிதம். எல்லாவற்றையும் சேர்த்துப் பத்தமடைப் பாயைச் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டி டப்பாவுக்குள் இறக்கியிருப்பார்கள். அதில் ஒரு தாளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. புது அலுமினியப் பாத்திரம் பளபளப்பு போய் மங்குகிறதே, அந்த ஜாதித் தோல்தான். இதைத் தொழிற்சாலையில் கரண்டு கொடுத்து வளர்க்கிறார்கள். கரண்டைக் கடக்க விடாமல் இந்தப் பக்கமே நிறுத்தி வைப்பது அந்தத் தோல். அது அவ்வளவு மெல்லிசாக இருப்பதால்தான் சுண்டுவிரல் டப்பாவுக்குள் அத்தனை சார்ஜ் அடங்குகிறது.

அதன் வேலை என்ன? உங்கள் தெருக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரம் பீறிட்டு வரும், ஒரு நேரம் காற்றுதான் வரும். நாம் கீழே ஒரு டிரம் வைத்துப் பிடித்து, வேண்டும்போது மோந்துகொள்கிறோம். டயோடைத் தாண்டி வரும் கரண்டும் அப்படி ஏறி இறங்கித்தான் வருகிறது. கண்டென்சர்தான் அதற்கு டிரம். செட்டாப் பாக்ஸ், செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், கோவில் ஆம்ப்ளிஃபயர், எதைத் திறந்தாலும் இந்த டிரம் உள்ளே உட்கார்ந்திருக்கும். போர் மோட்டாரைக் கிளப்பிவிடும் பெட்டியில்கூட இதன் பங்காளி ஒருவன் உண்டு.

சூடு இதற்கு ஆகாது. உள்ளே இருக்கும் திரவம் வற்றிவிடும். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் கோபத்தில் தலை வெடிக்கும். தலையில் கோடு கீறி வைத்திருப்பதே, வெடித்தால் அந்த வழியாக வெடி என்று சொல்லத்தான். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். ஆனால் சும்மா வைத்திருந்தாலும் இதற்கு ஆகாது என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. வோல்டேஜ் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை தோலில் எங்காவது கீறல் விழுந்தால், பக்கத்தில் இருக்கும் திரவத்தை வைத்துத் தானே ஆற்றிக்கொள்ளும். வருஷக்கணக்கில் கரண்டையே காட்டாமல் போட்டுவைத்தால் தோல் அங்கங்கே நலிந்துவிடும். பிறகு ஒருநாள் முழுக் கரண்டையும் ஒரேயடியாகக் கொடுத்தால் தாங்காது.

இனி மீரான் பாய்.

நான் கடையை விடுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் ஒருநாள் காலையில், ஷட்டரைத் தூக்கியதும் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின் சீட் முழுக்க ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓரத்தில் என் வயசுக்காரர் ஒருவர். இறங்கிப் பெட்டியில் கை வைக்கப் போனவரை ஆட்டோ டிரைவர் சுடலை விடவில்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுசன் கனம் தூக்கப்படாது என்று சத்தம் போட்டுவிட்டு, தானே தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் வைத்தான். பெட்டியின் மேல் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. ஒரு மூலைகூட நசுங்கவில்லை.

உள்ளே இருப்பது ஒரு மியூசிக் சிஸ்டம். மீரான் பாய் சவுதியில் ஒரு ரொட்டிக் கடையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். மகள் ரஹ்மத் நாலாம் வகுப்புப் படிக்கும்போது போனில் பாட்டுப் பெட்டி கேட்டாளாம். அடுத்த லீவுக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைச் சின்னப் பிள்ளை திருகி உடைத்துவிடும், கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கலாம் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து தீர்மானம் போட்டு, பீரோ மேல் ஏற்றிவிட்டார்கள். ஏறியது ஏறியதுதான். ஒவ்வொரு லீவுக்கும் பாய் வருவார், பெட்டியைத் துடைப்பார், காது வைத்து லேசாக ஆட்டிப் பார்ப்பார், மறுபடி ஏற்றிவைத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார். பாட்டுப் பெட்டி கேட்ட பிள்ளை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தது.

இப்போது நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து, ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டார். மறுநாளைக்கு மறுநாள் ரஹ்மத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பத்தமடையில். சீர்ச் சாமான் ஏற்றுகிற வண்டி மறுநாள் சாயங்காலம் கிளம்புகிறது. சம்பந்தி வீட்டில் வைத்து, எல்லார் முன்னாலும் செட்டைப் போட்டுக் காட்டுவதாகப் பாய் வாக்கும் கொடுத்துவிட்டார். அதற்கு முன்னால் ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

பெட்டியைப் பிரிக்க நான் பிளேடை எடுத்தேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டியத் திறக்காம பாத்துச் சொல்லும்வே. டேப்பு கிழிஞ்சா அது புதுசா? கடையில வாங்குன மாதிரியே போவணும்."

நான் பிளேடைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன். சுடலைதான் பதில் சொன்னான்.

"பிரியாணி அண்டாவத் திறக்காம உப்பு பாக்கச் சொல்லுதீரு பாய்."

வெகுநேரம் பேச்சு நடந்தது. கடைசியில் என்னைக் காப்பாற்றியது பெட்டியில் அச்சடித்திருந்த படம். செட்டின் பின்பக்கம் வோல்டேஜ் மாற்றுகிற சுவிட்ச் இருப்பது அதில் தெரிந்தது. சவுதியில் பல வீடுகளில் அப்போது நம்மூர்க் கரண்டில் பாதிதான் ஓடியது. சுவிட்சை நம்மூருக்கு மாற்றாமல் போட்டால் புகைதான் வரும். கல்ஃபில் இருந்தவர்களுக்கு இது பால்பாடம். பாய்க்கும் தெரிந்திருந்தது. அந்தச் சுவிட்சைத் தொட வேண்டும் என்றால் பெட்டியைத் திறக்காமல் முடியாது என்றேன். யோசித்தார். பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்து டேப்பை அறுத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். மேல் டேப் அப்படியே இருக்கும். பார்க்கிறவர்கள் மேலேதானே பார்க்கிறார்கள். சிசேரியன் என்றான் சுடலை.

அப்படித்தான் எடுத்தோம். செட் பளபளவென்று இருந்தது. கண்ணாடித் தாள்கூட உரிக்கவில்லை. பாய் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் இருந்த சுவிட்சை நகத்தால் தள்ளினார். ஆபத்து எல்லாம் அத்தோடு தீர்ந்தது என்பது அவர் கணக்கு. பிளக்கை எடுத்துக்கொண்டு நேராக என் சுவிட்ச் போர்டுக்குப் போனார்.

பிள்ளைகளா, இந்த இடத்தில் நில்லுங்கள். உங்கள் வேலையில் இப்படி ஒரு நேரம் வரும். ஆள் சந்தோஷத்தில் இருக்கிறார், கல்யாண அவசரம், செட்டைப் பார்த்தால் புத்தம் புதுசு. போட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். பார்க்கப் புதுசாக இருக்கிற பொருளிடம்தான் நாம் ஏமாறுவது. பழைய செட் என்றால் எப்படியும் சந்தேகப்பட்டுத்தானே திறக்கிறோம்.

நான் பிளக்கை வாங்கி வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் தூங்கிய கண்டென்சரைப் பைய எழுப்ப வேண்டும், இன்று முழுக்கப் பிடிக்கும் என்றேன். பாய்க்கு முகம் மாறிவிட்டது. சும்மா இருந்த சாமான் எப்படிக் கெடும், ஓடினால்தானே தேயும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அலுமினியத் தோலைப் பற்றி அவரிடம் விளக்கிப் பார்த்தேன். ஏறவில்லை. ரொட்டிக் கடையில் ஈஸ்ட்டை வாங்கி வருஷக்கணக்கில் பெட்டியில் வைத்தால் மாவு உப்புமா என்று கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வட்டக் குமிழைத் திருப்பி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற நம் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து, இடையில் ஒரு குண்டு பல்பைச் சேர்த்து, செட்டுக்குத் துளித் துளியாகக் கரண்டு காட்ட ஆரம்பித்தேன். இது உள்ளே கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற பழைய செட்டுக்குத்தான் சரிவரும். இப்போது வருகிற சார்ஜர் மாதிரிச் சப்ளைகளில் இதைச் செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள். அதில் கண்டென்சரைக் கழற்றித் தனியாகத்தான் ஏற்ற வேண்டும்.

குமிழைக் கொஞ்சம் திருப்பினால் பல்பு லேசாகச் சிவக்கும். பிறகு மங்கும். உள்ளே தோல் ஆறுகிறது, கசிவு குறைகிறது என்று அர்த்தம். ஆனால் பாய்க்குப் பல்பு மங்குகிறதென்றால் உயிர் போகிறது. ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்பார்.

"அணைஞ்சு போச்சேவே."

"அணையணும் பாய். உக்காரும்."

இந்தப் பேச்சு மத்தியானம் வரை திரும்பத் திரும்ப நடந்தது. சுடலை சவாரிக்குப் போய்வருகிற இடைவேளையில் எட்டிப் பார்த்து, சுவாசம் எப்படி இருக்கு என்று விசாரித்துவிட்டுப் போவான்.

லுஹர் தொழுகைக்குப் பாய் எழுந்து போனார். அந்த நேரம் பார்த்து ஒரு சங்கதி கண்ணில் பட்டது. முக்கால்வாசிக் கரண்டு ஏறியிருந்தது. பல்பு மறுபடி மங்க மாட்டேன் என்கிறது. செட்டை நிறுத்தி, சார்ஜை இறக்கிவிட்டு, மூடியைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன். பெரிய பில்டர் கண்டென்சர் இரண்டு உண்டு. ஒன்று குளுகுளுவென்று இருந்தது. இன்னொன்று கதகதவென்று சூடு. தலை லேசாக உப்பியிருந்தது. அது ஆறாது.

இப்போது என் முன்னால் மூன்று வழி. அப்படியே மூடிக் கொடுத்தால் கல்யாணத்தன்று பாடும். பத்து நாளில் சம்பந்தி வீட்டு நடுக்கூடத்தில் வெடிக்கும். இல்லையென்றால் பாய் பள்ளிவாசலிலிருந்து வருவதற்குள் ரகசியமாக மாற்றிவிடலாம். அவருக்கு ஆயுசுக்கும் தெரியாது. சந்தோஷமாகப் போவார். மூன்றாவது வழி, சொல்லிவிடுவது. சொன்னால், மாற்றவே விட மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ரகசியமாக மாற்றுவதுதான் அவருக்கு நல்லது என்று மனசு சொல்லிற்று. கையில் அயர்ன்கூடச் சூடாக இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியை அவர் எப்படிப் பிடித்துக்கொண்டு வந்தார் என்று பார்த்திருந்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் நாம் ஒன்றை வைக்கக் கூடாது. அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

வந்ததும் சொன்னேன். நான் நினைத்தபடியே ஆயிற்று.

"மாத்துன பார்ட்டப் போட்டா அது ரிப்பேர் செட்டுலா. எம் பிள்ளைக்கு ரிப்பேர் பண்ணுன சாமானயா குடுப்பேன்?"

செட்டை அப்படியே பெட்டிக்குள் வைத்துக் கட்டச் சொன்னார். பாடாவிட்டாலும் பரவாயில்லை, புதுசாகப் போகட்டும். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எனக்குக் கண்டென்சரை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பயம் வந்துவிட்டது.

அந்த நேரம் அவர் போன் அடித்தது. வீட்டிலிருந்து ரஹ்மத். காலையில் போன வாப்பாவைக் காணவில்லை, சாப்பிடவில்லை, மாத்திரை போடவில்லை. அவளுக்கு இரண்டு கையிலும் மருதாணி, தங்கச்சிதான் போனைப் பிடித்திருக்கிறாள். என் பக்கம் போனை நீட்டினார். ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை நான்தான் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை கேட்டது:

"வாப்பா, ஒங்களுக்கு நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட் வச்சிருக்கே. அதுக்காவ ஒங்கள ரிப்பேர் வாப்பான்னா சொல்லுதோம்?"

சுடலை அப்போதுதான் உள்ளே வந்தான். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். முதலில் சிரித்தது மீரான் பாய்தான். சிரித்துக்கொண்டே பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "போடும்வே, நல்லதாப் பாத்துப் போடும்" என்றார்.

நல்லதற்கு எங்கே போவது? என் டிராயரில் அந்த அளவில் ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்தேன், வாங்கி எத்தனை வருஷமோ, கம்பிக் காலெல்லாம் மங்கிக் கிடந்தது. பாயின் பெட்டிக்கு அரை நாள் பிரசங்கம் பண்ணிய நான், என் டிராயரைத் திறந்து பார்க்கவில்லை. சுடலைதான் ஜங்ஷனுக்கு ஆட்டோவை விரட்டிப் போய், புது ஸ்டாக்கில் ஜோடியாக இரண்டு வாங்கி வந்தான். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது. பிளஸ் மைனஸை மூன்று பேரும் சரிபார்த்தோம்.

சாயங்காலம் முழுக் கரண்டு. பல்பு அணைந்தது. இந்தத் தடவை பாய் எழுந்திருக்கவில்லை. அணையணும், அணையணும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நான் ரேடியோவைத் திருப்பினேன். இத்தனை வருஷம் பீரோ மேல் காத்திருந்த பெட்டி வாயைத் திறந்து முதன்முதலாகச் சொன்னது, வாழைக் கிழங்கில் கூன்வண்டு விழுந்தால் என்ன மருந்து வைக்க வேண்டும் என்பதுதான். மீரான் பாய் கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி, அந்த நிகழ்ச்சி முழுவதையும் கேட்டார். சொந்தமாக ஒரு வாழைக்கன்றுகூட அவருக்குக் கிடையாது.

அடிப்பக்கத்தை ஒட்டி, பெட்டியை நிமிர்த்தினோம். மேல் டேப் பழைய டேப்தான். இனி இதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். மறுபடி பீரோ மேல் ஏற்றாமல், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் போதும் என்றேன். அவர் அதைக் கேட்டு ரொம்ப நேரம் யோசித்தார். அங்கே போடுவார்களா, மறந்துவிடுவார்களா என்று தனக்குள் பேசிக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். போகும்போது, கெட்டுப்போன அந்தக் கண்டென்சரைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. செட் பாடியது என்று சுடலை வந்து சொன்னான். நானும் மறந்துவிட்டேன்.

சில மாசம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரஹ்மத் போன் பண்ணினாள், பத்தமடையிலிருந்து. வாப்பா வாரா வாரம் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுகிறாராம். கையில் பழம், ரொட்டி. வந்ததும் நேராகச் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சுவிட்சைப் போட்டு, ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, மகளிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். பெண் கொடுத்த வீட்டுக்கு வாரா வாரம் வருகிறாரே என்று யாராவது முகத்தைப் பார்த்தால், மெக்கானிக் சொல்லியிருக்கிறார் என்பாராம். மாமியாருக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

"வாரத்துக்கு ஒரு தடவ போடலன்னா வெடிச்சிரும்னு நீங்க சொன்னதாச் சொல்லுதாங்க. நெசமா மாமா?"

உங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்த நாள் முதல், கஸ்டமரிடம் இல்லாததைச் சொல்லக் கூடாது என்று தலையில் குட்டியிருக்கிறேன். அதெல்லாம் அந்த நேரம் ஞாபகம் வந்தது. நாலாம் வகுப்பிலிருந்து கல்யாணம் வரைக்கும் அவர் அந்தப் பிள்ளையோடு இருந்தது லீவு நாள்தான் என்பதும் ஞாபகம் வந்தது.

"வாரத்துக்கு ஒரு தடவ போட்டா ரொம்ப நல்லதும்மா," என்றேன்.

அவள் குரலைத் தணித்து, பைய, வாய்க்குள்ளேயே பேசுகிற மாதிரி:

"நீங்க ஆறு மாசம்னு சொன்னத அன்னைக்கே சுடலை அண்ணன் சொல்லிட்டாங்க மாமா. இப்ப மாமி அடுக்களையில இருந்து வாராங்க. ஸ்பீக்கர்ல போடுதேன். அந்த வாரத்துக்கு ஒரு தடவய இன்னொரு தடவ நல்லா சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன். அலுமினியத் தோல், திரவம், கசிவு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பாடமே நடத்தினேன். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை மத்தியானம் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லு என்று அந்த அம்மாள் சொன்னது என் காதில் விழுந்தது.

என்னுடைய பழைய நம்பர் இப்போது கடையில் இருக்கிறது. பத்தமடையிலிருந்து யாராவது கூப்பிட்டு, அந்தச் செட்டை எத்தனை நாளைக்கு ஒரு தடவை போட வேண்டும் என்று கேட்டால், வாரத்துக்கு ஒரு தடவை. வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. மூன்று பேரும் ஒரே பதிலாகச் சொல்லுங்கள். அருண், முக்கியமாக நீ.

மற்றபடி சனிக்கிழமை வருகிறேன். அந்த ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் மூலையில் சும்மாவே கிடக்கிறது. அதையும் ரொம்ப நாள் அப்படிப் போட்டு வைக்கக் கூடாது, எஸ்தர். யாராவது வந்து கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். புதன்கிழமையும் ஒரு தடவை வந்தால் ரொம்ப நல்லது.

அப்பா